ஒரு மூச்சுக்குள் ஒரு படம்

வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து ஒரு நிலையத்தைத் தேடும்போது நாம் செய்வது என்ன? குமிழைத் திருகுகிறோம். எத்தனையோ அலைகள் சூழ்ந்திருக்கும் வெளியிலிருந்து நமக்கு வேண்டிய அலைவரிசையைச் சேர்ந்ததை மட்டும் பெட்டி ஏற்றுக் கொள்கிறது, மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது. மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. என்னும் மூன்றெழுத்துப் பெயரால் வழங்கும் படமெடுப்பு முறையும் அடிப்படையில் இதுவேயாகும். அங்கே ஒலிபரப்பு நிலையமாக விளங்குவது மனித உடல். எக்ஸ்ரே கதிர் எதுவும் உடலை ஊடுருவுவதில்லை. உடலிலிருந்து எழும் மிக மெல்லிய வானொலி அலைகளைக் கேட்டு, கேட்டதைக் கணித்து, உள்ளுறுப்புக்களின் உருவத்தை யந்திரம் வரைந்து தருகிறது.

இம்முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது மெதுவானது. தலையையோ முழங்காலையோ படமெடுக்கும்போது இக்குறை அவ்வளவாக உறுத்துவதில்லை. நோயாளி சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்தால் போதும். வயிற்றின் கதை வேறு. கல்லீரலும் கணையமும் மண்ணீரலும் சிறுநீரகங்களும் உதரவிதானம் என்னும் தசைத்திரைக்குக் கீழே அமைந்தவை. மூச்சை இழுக்கும்போது அத்திரை இறங்கி அவற்றை அழுத்துகிறது; விடும்போது மேலேறுகிறது. அமைதியாக மூச்சு விடும்போதே கல்லீரல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் சென்று வருகிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை வரை இந்த ஊசலாட்டம் நடைபெறுகிறது. குடலின் நெளிவும் பெருந்தமனியின் துடிப்பும் இதனோடு சேர்ந்து கொள்கின்றன.

மூச்சை அடக்கும்படி நோயாளியிடம் சொல்லலாமே எனில், சொல்லத்தான் செய்கிறார்கள். திடமான உடலுள்ளவர் இருபது வினாடி அடக்குவார். நோயுற்ற முதியவர் பத்து வினாடிக்குள் திணறிப் போவார். கைக்குழந்தைக்கோ சொன்னாலும் விளங்காது. ஆகவே வயிற்று உறுப்புக்களை எம்.ஆர்.ஐ. முறையில் படமெடுக்கும் கலையின் வரலாறு, ஒரு படத்தை ஒரு மூச்சுக்குள் அடக்க முயன்ற வரலாறே எனலாம். அம்முயற்சி எவ்வாறு கைகூடியது, அதற்கு என்ன விலை கொடுக்கப்படுகிறது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

நம் உடலில் பெரும் பகுதி நீர். நீரில் ஹைட்ரஜன் உண்டு, கொழுப்பிலும் உண்டு. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு நுண்ணிய காந்தம் போன்றது. சாதாரணமாக இவை எல்லாத் திசைகளையும் நோக்கிச் சிதறிக் கிடக்கும். வலிய காந்தமொன்றின் நடுவே உடலைக் கிடத்தினால், பத்து இலட்சத்துக்கு ஒரு சில என்ற மிகச் சிறிய அளவில், அக்காந்தத்தின் திசையை நோக்குபவை மற்றவற்றைவிட மிகுந்து நிற்கின்றன. இந்தச் சில அணுக்களைக் கொண்டுதான் அத்தனை வித்தையும் நடைபெறுகிறது. குறிப்பிட்ட அதிர்வெண்ணுள்ள வானொலி அலையைச் சிறிது நேரம் செலுத்தினால் இவை சாய்கின்றன. அலையை நிறுத்தியதும், தலையாட்டிச் சுழலும் பம்பரம்போலச் சுழன்றவாறே, தாமும் அதே அதிர்வெண்ணில் மெல்லிய அலையை எழுப்புகின்றன. பின்பு படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இவ்வுண்மையை 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். 1952-ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

அதிர்வெண், காந்தத்தின் வலிமையைப் பொறுத்தது: ஒரு டெஸ்லாவுக்கு ஏறக்குறைய 42.6 மெகாஹெர்ட்ஸ். மருத்துவமனைகளில் மிகுதியாகக் காணப்படும் 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப்போல் சுமார் முப்பதாயிரம் மடங்கு வலியது. அதில் உடல் 64 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. 3 டெஸ்லா காந்தத்தில் 128 மெகாஹெர்ட்ஸில். நம் நாட்டுப் பண்பலை நிலையங்கள் 88 முதல் 108 வரை அமைந்துள்ளமையால், நேயர்கள் நாள்தோறும் குமிழைத் திருகும் பகுதிக்கு இருபுறமும் நம் உடலின் நிலையங்கள் இருக்கின்றன என்று சொன்னால் அது உபசார வார்த்தையன்று. எம்.ஆர்.ஐ. அறையின் சுவர்களில் செப்புத் தகடு பதிப்பதும் இதனாலேதான். வெளியிலுள்ள ஒலிபரப்புக்கள் உள்ளே புகுந்தால் உடலின் மெல்லிய குரல் அமிழ்ந்து போகும்.

எல்லா அணுக்களும் ஒரே சுருதியில் பாடினால், எந்தக் குரல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அறிவது எங்ஙனம்? இதற்கு வழி கண்டவர் நியூயார்க் மாநிலத்தில் பணியாற்றிய பால் லாட்டர்பர். பெரிய காந்தத்தின் வலிமை ஓரிடத்தில் சற்றுக் கூடியும் மற்றோரிடத்தில் சற்றுக் குறைந்தும் இருக்குமாறு வேண்டுமென்றே செய்துவிட்டால், இடத்துக்கு ஏற்பச் சுருதி மாறும். சுருதியைக் கொண்டு இடத்தை அறியலாம். நீர் நிரம்பிய இரண்டு சிறு குழாய்களை இவ்வாறு அவர் படமெடுத்துக் காட்டிய ஆண்டு 1973.

ஆனால் ஒரு முறை கேட்டதும் முழுப்படமும் கிடைத்துவிடுவதில்லை. ஒரு முறைக்கு ஒரு வரிதான். வரி என்றவுடன், படத்தின் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக வரையப்படுகிறது என்று எண்ணிவிடலாகாது. எந்த ஒலியையும் பல தூய சுரங்களின் கூட்டாகப் பிரிக்கலாம். பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியேயின் வழியைப் பின்பற்றினால் எந்தப் படத்தையும் அவ்வாறே, அகன்ற அலைகளும் நெருங்கிய அலைகளுமாகிய பல கோலங்களின் கூட்டாகப் பிரித்துவிடலாம். யந்திரம் சேகரிக்கும் ஒவ்வொரு வரியும் அத்தகைய கோலங்களில் ஒரு தொகுதியின் அளவு. அகன்ற அலைகள் படத்தின் பொதுவான ஒளியையும் நிழலையும் தருகின்றன. நெருங்கியவை விளிம்புகளையும் நுட்பங்களையும் தருகின்றன. எல்லாம் வந்து சேர்ந்த பின்னரே கணிப்பொறி படத்தைக் கூட்டி எழுத முடியும். ஆகவே சில வரிகளைச் சேகரிக்கும் வேளையில் கல்லீரல் நகர்ந்துவிட்டால், கெடுவது சில கோடுகள் அல்ல. படம் முழுவதுமே கெடுகிறது. வயிற்றுச் சுவரின் சாயல், ஆவிபோலப் பல பிரதிகளாகக் கல்லீரலின் மேல் படிந்துவிடும்.

நேரக் கணக்கைப் பாருங்கள். 256 வரிகள் வேண்டும் என்று கொள்வோம். ஒரு வரிக்குப்பின் அடுத்த வரிக்குமுன், சாய்ந்த அணுக்கள் ஓரளவேனும் நிமிர்வதற்கு அரை வினாடி காத்திருக்க வேண்டும். மொத்தம் 128 வினாடி. இரண்டு நிமிடங்களுக்கு மேல். அத்தனை நேரம் மூச்சடக்க யோகிகளால் இயலுமோ என்னவோ, நோயாளிகளால் இயலாது.

இவ்வளவு அவசரம் எதற்கு, சற்று மங்கலான படமே இருந்தால் என்ன என்று கேட்கலாம். கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வந்து சேர்கிறது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்க் கட்டியோ பெரும்பாலும் தமனியின் இரத்தத்தையே உண்டு வளர்கிறது. ஆகையால் காடோலினியம் சேர்ந்த மருந்தைக் கையின் சிரையில் செலுத்தினால், அது முதலில் தமனி வழியே வந்து சேரும் சில வினாடிகளில் கட்டி மட்டும் பளிச்சென்று விளங்கும்; சுற்றியுள்ள கல்லீரல் மங்கியிருக்கும். ஒரு நிமிடம் கழிந்தால் சிரை வழியாகவும் மருந்து வந்து கல்லீரல் முழுவதும் ஒளிபெற, கட்டி அதனுள் கரைந்து மறையவோ கருமையாகத் தெரியவோ கூடும். முன்பு ஒளிர்ந்து பின்பு கறுப்பது என்னும் இந்த மாற்றந்தான் நிபுணர்கள் தேடும் அடையாளம். கல்லீரல் சுருங்கி இறுகிய நோயாளிக்கு, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டியில் இவ்வடையாளம் தெளிவாகக் காணப்படுமாயின், ஊசியால் சதையெடுத்துச் சோதிக்காமலே புற்றுநோய் என்று முடிவு செய்யச் சிகிச்சை நெறிகள் இடந்தருகின்றன. ஆக, அந்தச் சில வினாடிகளில் எடுத்த படம் கலங்கிவிட்டால், இழந்தது அழகிய படமன்று. தக்க தருணத்தில் அறியத்தக்க ஒரு நோயை இழந்துவிட்டோம் என்று பொருள். மருந்தை உடனே மறுபடி செலுத்தி மீண்டும் எடுப்பதும் எளிதில் இயல்வதன்று.

இதில் ஒரு வினோதமும் உண்டு. காடோலினிய மருந்துகளுள் ஒன்று கல்லீரலின் உயிரணுக்களாலேயே உட்கொள்ளப்படுவது. இருபது நிமிடங்களுக்குப்பின் எடுக்கும் படத்தில் சிறு கட்டிகளையும் காட்டித் தருவது. அந்த மருந்து செலுத்தப்பட்ட சில நோயாளிகளுக்கு, சரியாகத் தமனி வேளையில், சிறிது நேரம் மூச்சு தடுமாறுகிறது என்று 2013-ஆம் ஆண்டு முதல் ஆய்வுகள் வெளிவந்தன. கல்லீரலை நன்கு காட்டும் மருந்தே, முக்கியமான வேளையில் அதை ஆட்டியும் விடுகிறது!

தொடக்க காலத்தில் நிலைமை எவ்வாறு இருந்தது? 1977-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் ரேமண்ட் டமேடியன் குழுவினர் மனித மார்பின் குறுக்குவெட்டு ஒன்றைப் படமாக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. அதே ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு, ஒரே தூண்டலுக்குப்பின் காந்தச் சரிவை மின்னல் வேகத்தில் முன்னும் பின்னும் மாற்றி எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் வாங்கிவிடும் முறையை எழுதிக் காட்டினார். காந்தப் புலம் அவ்வளவு வேகமாக மாறினால் இதயத்துக்குத் தீங்கு நேரலாம் என்று எச்சரித்தவர்களும் இருந்தனர். 1978-இல் தாமே யந்திரத்துக்குள் நுழைந்து தம் வயிற்றைப் படமெடுக்கச் செய்தார் அவர். அவர் அஞ்சாமல் நின்றது விஞ்ஞான வரலாற்றில் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டிய செயல் என்பது நம் கருத்து. 1980 ஆகஸ்டு 28-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் மாலர்டு குழுவினர், நோயாளி ஒருவரின் மார்பில் கட்டியையும், கல்லீரலில் மாறுதலையும், எலும்பில் பரவிய புற்றையும் தம் யந்திரத்தால் கண்டனர். 2003-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் சென்றது. டமேடியன் அதில் சேர்க்கப்படாமை பத்திரிகை விளம்பரங்கள்வரை சென்ற பெரிய சச்சரவாயிற்று. அது தனிக் கதை.

மூச்சடக்கி எடுக்கும் படத்துக்கு உண்மையில் வழி திறந்தது 1985-ஆம் ஆண்டில். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆக்ஸல் ஹாஸே, யென்ஸ் ஃபிராம் முதலியோர் கண்ட உபாயம் மிக எளியது. அதுவரை அணுக்களை முழுதும் சாய்த்துவிட்டு அவை நிமிரும்வரை காத்திருந்தனர். குடத்து நீரை முழுதும் கவிழ்த்துவிட்டு, மீண்டும் நிறையட்டும் என்று குழாயடியில் நிற்பது போன்றது அது. கோட்டிங்கன் ஆராய்ச்சியாளரோ குடத்தைக் கவிழ்க்கவில்லை. ஒரு குவளை மட்டும் மொண்டு கொண்டனர். அணுக்களைச் சில பாகையளவே சாய்த்தால் சமிக்ஞை சிறிது குறையும். ஆனால் அடுத்த வரிக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. வரிக்கு அரை வினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் சில பங்காகக் குறுகிற்று. நிமிடங்கள் வினாடிகளாயின. இன்று கல்லீரலுக்கு மருந்து செலுத்தி எடுக்கும் படங்கள் பெரும்பாலும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவையே.

அடுத்த ஆண்டு, ஃபிரைபுர்க் நகரத்து யூர்கன் ஹென்னிக் வேறொரு வழியைக் காட்டினார். மலையடிவாரத்தில் நின்று ஒரு முறை கூவினால் பல எதிரொலிகள் கேட்பதுண்டு. அதுபோல ஒரு தூண்டலுக்குப்பின் அடுக்கடுக்காகப் பல எதிரொலிகளை எழுப்பி, ஒவ்வோர் எதிரொலியிலும் ஒரு வரியைப் பதிவு செய்வது அவர் முறை. தேங்கி நிற்கும் திரவம் இம்முறையில் வெண்மையாகத் துலங்குவதால், பித்தநாளமும் கணையநாளமும் மரக்கிளைபோல் தெளிவாகத் தோன்றும். நாளத்தில் அடைத்த கல்லைக் காண்பதற்கு மட்டும் குழாயை வாய்வழியே குடலுக்குள் செலுத்த வேண்டிய நிலை, 1990-களிலிருந்து இதனால் பெரிதும் மாறிற்று.

யந்திரத்தை இன்னும் வேகமாக இயக்கினால் என்ன? இங்கே ஒரு சுவர் குறுக்கிடுகிறது. அது பொறியியலின் சுவரன்று, உடலின் சுவர். காந்தச் சரிவை மிக விரைவாக மாற்றினால் நரம்புகளில் மின்னோட்டம் தூண்டப்பட்டுத் தசை துடிக்கும். வானொலி அலையை அடிக்கடி செலுத்தினால் உடல் சூடாகும். ஆகவே விஞ்ஞானிகள் கேள்வியையே மாற்றிக் கேட்டனர். வேகமாக அளப்பதற்குப் பதிலாகக் குறைவாக அளந்தால் என்ன?

பாதி வரிகளை விட்டுவிட்டால் படம் தன்மேலே மடிந்து விழும். முதுகின் உருவம் வயிற்றின்மேல் கிடக்கும். மடிந்ததை விரிப்பதற்கு வேறொரு சாட்சி வேண்டும். அச்சாட்சி பல செவிகள். நோயாளியின் வயிற்றின்மேலும் முதுகின் கீழும் பல ஏற்புச் சுருள்களை வைத்தால், ஒவ்வொன்றும் தனக்கு அருகிலுள்ள பகுதியை உரக்கவும் தொலைவிலுள்ளதை மெல்லவும் கேட்கும். இருட்டறையில் ஒருவர் பேசினால், சுற்றிலும் அமர்ந்தவர்கள் தாம்தாம் கேட்ட உரப்பை ஒப்பிட்டுப் பேசியவரின் இடத்தைக் கண்டுபிடிப்பதில்லையா? 1997-இல் அமெரிக்காவில் டேனியல் சோடிக்சன், 1999-இல் சூரிச்சில் கிளாஸ் புருஸ்மன், 2002-இல் வுர்ட்ஸ்புர்க்கில் மார்க் கிரிஸ்வோல்டு ஆகியோர் இக்கருத்துக்குக் கணித உருவம் தந்தனர். கடைசியில் சொன்னவருடைய முறைக்குச் சூட்டப்பட்ட பெயர் கிராப்பா. இத்தாலிய மதுவகை ஒன்றின் பெயரும் அதுவே. விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு போலும். இவ்வழியில் நேரம் பாதியாகவோ மூன்றிலொன்றாகவோ குறையும். ஆனால் குறைவாகக் கேட்டமையால் இரைச்சல் மிகும். மேலும் குறைக்கப் போனால் படம் மணற்பொடி தூவியதுபோல் ஆகிவிடும்.

இரண்டாவது வழி இன்னும் துணிச்சலானது. கண்டெஸ், ராம்பெர்க், டாவோ, டோனஹோ ஆகிய கணித அறிஞர்கள் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்துக்களை அடியொற்றி, 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் மைக்கேல் லஸ்டிக் முதலியோர் எம்.ஆர்.ஐ.க்குப் பொருத்திக் காட்டியது அது. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர்களின் உழைப்பை நினைத்துக் கொண்டால் அது எளிதில் விளங்கும். செல்லரித்த ஏட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துக்கள் அழிந்திருக்கின்றன. பதிப்பாசிரியர் மனம்போனவாறு இட்டு நிரப்ப முடியாது. யாப்பு இடங்கொடுக்க வேண்டும். எதுகையும் மோனையும் பொருந்த வேண்டும். எஞ்சிய எழுத்துக்களோடு முரணலாகாது. இத்தனை கட்டுப்பாடுகளும் சேர்ந்து பல இடங்களில் ஒரே ஒரு சொல்லையே அனுமதிக்கின்றன. மருத்துவப் படத்துக்கும் ஒருவகை யாப்பு உண்டு. தக்க கணித மொழியில் எழுதினால், அதிலுள்ள எண்களில் மிகச் சிலவே பெரியவை. மற்றவை ஏறக்குறையப் பூஜ்யம். அளந்த வரிகளோடு முரண்படாத படங்கள் எண்ணற்றவையாயினும், இந்த யாப்புக்கு அடங்குவதைத் தேடினால் உண்மையான படம் அகப்படுகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பூச்சி அங்குமிங்குமாகத் தின்றிருந்தால் சுவடியை மீட்கலாம்; ஒவ்வோர் அடியிலும் நான்காம் சீரையே ஒழுங்காகத் தின்றிருந்தால் மீட்பது அரிது. ஆகவே விட்டுவிடும் வரிகளை ஒழுங்கின்றிச் சிதறலாகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒழுங்கின்மையே இங்கு உதவுகிறது என்பது எம்மைப் போன்ற, இலக்கணம் கற்றவர்களுக்கு வியப்பூட்டுவதே. ஸ்டான்ஃபோர்டின் சிறுவர் மருத்துவமனையில் ஸ்ரேயஸ் வாசனவாலா முதலியோர் இதை முதன்முதலில் குழந்தைகளிடம் பயன்படுத்தி, 2010-இல் அதன் பயனை வெளியிட்டனர். மயக்க மருந்து கொடுத்து, அந்த மயக்கத்தில் குழந்தையின் மூச்சையும் நிறுத்தி வைத்துப் படமெடுக்கும் ஒரு டாக்டருக்கு, ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மூச்சையே அடக்காமல் எடுக்கும் வழியும் பிறந்தது. வரிகளைக் கிடையாக அடுக்காமல், தேர்ச்சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் மையத்தினூடே செல்லுமாறு சேகரிக்கலாம். ஒவ்வோர் ஆரத்தையும் முந்தையதிலிருந்து 111.25 பாகை திருப்பி வைத்தால், தொடர்ச்சியாக எத்தனை ஆரங்களை எடுத்துக் கொண்டாலும் அவை வட்டத்தை ஏறக்குறையச் சமமாக நிரப்புகின்றன. சிற்பிகளும் கணிதரும் போற்றும் பொன்விகிதத்தால் 180-ஐ வகுத்தால் வருவது இந்த எண். நியூயார்க் பல்கலைக் கழகத்தில் லீ ஃபெங் முதலியோர் 2014-இல் இதையும் சுவடி முறையையும் பல செவி முறையையும் ஒருங்கே பிணைத்தனர். நோயாளி இயல்பாக மூச்சு விட்டுக் கொண்டே படுத்திருப்பார். யந்திரம் சில நிமிடங்கள் தொடர்ந்து ஆரங்களைச் சேகரித்துக் கொண்டேயிருக்கும். மருந்து இடையிலே செலுத்தப்படும். தமனி வேளை எது, சிரை வேளை எது என்பதைப் பின்னர் ஆற அமரப் பிரித்துக் கொள்ளலாம். ஒவ்வோர் ஆரமும் மையத்தைத் தொட்டுச் செல்வதால் மூச்சின் ஏற்ற இறக்கமும் அதிலேயே பதிவாகியிருக்கும். 2016-இல் அதையும் பயன்படுத்தி, மூச்சு உள்ளே இருந்தபோது வந்தவை, வெளியே இருந்தபோது வந்தவை என்று ஆரங்களை வகைப்படுத்திக் காட்டினர். மூச்சு பகையாக இருந்தது போய், அதுவும் ஓர் அளவாயிற்று.

இதுவரை கூறியவற்றில் யாப்பை வகுத்தவன் மனிதன். அண்மைக் காலத்தில் யந்திரமே ஆயிரக்கணக்கான படங்களைப் பயின்று, விடுபட்டதை நிரப்பக் கற்றுக் கொள்கிறது. நியூயார்க் பல்கலைக் கழகமும் ஃபேஸ்புக் ஸ்தாபனமும் 2018-இல் தொடங்கிய கூட்டு முயற்சி முதலில் முழங்காலையும் பின்பு மூளையையும் எடுத்துக் கொண்டது. வேகமும் தெளிவும் கண்ணைப் பறிப்பவை. இரைச்சல் மறைந்து படம் பளிங்குபோல் ஆகிறது. மருத்துவமனைகளுக்கு விற்கப்படும் யந்திரங்களிலும் இத்தகைய முறைகள் இடம்பெற்றுவிட்டன.

ஆனால் சுவடியை மறவாதிருப்போம். பல்லாயிரம் பாடல்களைப் படித்த ஒரு பதிப்பாசிரியர், அழிந்த இடத்தில் அடிக்கடி பயிலும் சொல்லைத் தயங்காமல் எழுதிவிடக்கூடும். வாக்கியம் தட்டாது, ஓசை கெடாது, படிப்பவருக்கு ஐயமே எழாது. மூலத்தில் இருந்ததோ அரிய வேறொரு சொல்லாக இருக்கலாம். கல்லீரலில் அந்த அரிய சொல்தான் எட்டு மில்லிமீட்டர்க் கட்டி. இது வெறும் கற்பனையன்று. 2020-ஆம் ஆண்டில் மூளைப் படங்களை வைத்து நடத்திய போட்டியில், படத்தைப் பார்வையிட்ட டாக்டர்கள், உடலில் இல்லாத உருவங்கள் சில இடங்களில் தோன்றியிருந்ததைக் குறித்தனர். அதே ஆண்டில் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் ஆண்டுன், ஹான்சன் முதலியோர் எழுதிய கட்டுரை, அளவில் நேரும் மிகச் சிறிய மாற்றம் இத்தகைய முறைகள் சிலவற்றில் படத்தைப் பெரிதும் திரித்துவிடுவதையும், சிறு உருவங்கள் மறைந்து போகக்கூடும் என்பதையும் காட்டிற்று. பழைய முறையில் குறைவாக அளந்தால் படம் மங்கலாகவோ மணலாகவோ இருக்கும். குறை வெளியே தெரியும். புதிய முறையில் குறை தெரியாமலே இருந்துவிடலாம். நம் அச்சம் இந்த ஒன்றைப் பற்றியதே.

வயிற்றுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. யந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டுமானால், வினாவோடு சரியான விடையையும் காட்ட வேண்டும். முழங்காலைப் பொறுமையாக முழுதும் அளந்து விடை இதுதான் என்று வைக்கலாம். மூச்சு விடும் கல்லீரலை முழுதும் அளந்து முடிப்பதற்குள் அது நகர்ந்துவிடுகிறதே! விடைத்தாளே கிடைக்காத பாடத்தில் மாணாக்கனுக்கு எப்படி மதிப்பெண் இடுவது? மினஸோட்டா பல்கலைக் கழகத்தார் 2020-இல் வெளியிட்ட உபாயம் ஒன்று இதற்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அளந்த வரிகளையே இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை யந்திரத்துக்குக் கொடாமல் மறைத்து வைத்துவிடுகிறார்கள். மற்றப் பகுதியைக் கொண்டு அது வரையும் படம், மறைத்து வைத்த வரிகளோடு ஒத்துவருகிறதா என்று பார்க்கிறார்கள். பதிப்பாசிரியர் நன்றாக இருக்கும் ஓர் எழுத்தைக் கையால் மூடிக்கொண்டு, மீதியிலிருந்து அதை ஊகித்துத் தம்மைத் தாமே சோதித்துக் கொள்வது போன்றது இது.

இன்றைய நடைமுறையில் வயிற்றுப் பரிசோதனை ஒன்றில் இம்முறைகள் யாவும் கலந்தே வருகின்றன. சில படங்களுக்கு மூச்சடக்கச் சொல்வார்கள். சிலவற்றுக்கு இயல்பாக மூச்சு விடச் சொல்வார்கள். மான்ஸ்ஃபீல்டின் முறை, திசுக்களில் நீர் பரவுவதைக் காட்டும் படங்களில் வாழ்கிறது. பரிசோதனைக்குமுன் சில மணி நேரம் உணவின்றி வரச் சொல்வதும் வழக்கம். உடலில் உலோகமோ இதயத்துக்கு மின்துடிப்புத் தரும் கருவியோ இருப்பின் கட்டாயம் முன்னரே தெரிவிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உடையவர்கள் அதையும் சொல்ல வேண்டும். காடோலினியம் வெளியேறுவது பெரும்பாலும் அவ்வழியேதான்.

மூச்சைப் பற்றி நோயாளிக்குச் சொல்லும் கட்டளை, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம் போன்றோரின் காதில் தனியாக விழுகிறது. பெரும்பாலும் மூச்சை வெளியே விட்டபின் நிறுத்தச் சொல்கிறார்கள். இழுத்து நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் இழுக்கும் அளவு மாறும். கல்லீரல் நிற்கும் இடமும் மாறும். வெளியே விட்ட நிலையிலோ அது ஏறக்குறைய ஒரே இடத்துக்குத் திரும்புகிறது. தில்லியில் பிள்ளையின் வீட்டில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டு முதியவருக்கு, குழாய் போன்ற யந்திரத்தினுள், காதை அடைக்கும் ஓசைக்கு நடுவே, ஒலிபெருக்கியில் 'ஸான்ஸ் ரோக்கியே' என்று வரும் கட்டளை விளங்குமா? அவர் திகைத்து ஒரு பெருமூச்சு விட்டால், மேலே சொன்ன கணிதம் அத்தனையும் வீணாகும்.

தமிழில் சொன்னாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூச்சு விடுதல் என்றால் நம் மொழியில் சுவாசித்தல் என்றும் பொருள். காற்றை வெளியேற்றுதல் என்றும் பொருள். 'மூச்சை விடுங்கள்' என்று கேட்டவுடன் ஒருவர் காற்றை வெளியேற்றுவார். மற்றொருவர் இயல்பாக இழுத்தும் விட்டும் கொண்டிருப்பார். 'காற்றை வெளியே விடுங்கள். இப்போது அப்படியே நிறுத்துங்கள்' என்று சொல்லிவிட்டு, படம் முடிந்ததும், 'இனி வழக்கம்போல் மூச்சு விடலாம்' என்றால் குழப்பத்துக்கு இடமிராது. யந்திரத்தினுள் செல்லுமுன்னரே இந்த மூன்று வாக்கியங்களையும் நோயாளியின் மொழியில் சொல்லி, இரண்டொரு முறை செய்து பார்க்கச் செய்வதற்கு ஐந்து நிமிடங்கூட ஆகாது. உடன் செல்லும் உறவினர்களே இதை ஊழியரிடம் கேட்டுச் செய்யலாம். பத்து வினாடிக்குமேல் அவரால் அடக்க முடியவில்லை என்று கண்டால், அதையும் அப்போதே தெரிவித்துவிடலாம். அதற்கேற்பக் குறுகிய நேரத்தில் முடியும் முறையையோ, மூச்சு விட்டுக் கொண்டே எடுக்கும் முறையையோ தேர்ந்து கொள்ள யந்திரத்தை இயக்குபவருக்கு அப்போது அவகாசம் இருக்கும்.